சீவும் இயந்திரமும் வினையின் பங்கும்

ஆட்டின் உடலிலிருந்து கத்தரித்த கம்பளியில் நீள இழையும் குட்டை இழையும் தாறுமாறாகக் கலந்து கிடக்கும். புல்விதையும் முள்ளும் எண்ணெய்ப் பசையும் அதில் ஒட்டியிருக்கும். அதைச் சீவுவதால் இரண்டு காரியங்கள் ஆகின்றன. நீள இழைகள் ஒரே திசையில் படிகின்றன. குட்டை இழைகள் பிரிந்து வெளியேறுகின்றன. படிந்த நீள இழைத் திரியை ஆலைகளில் டாப்ஸ் என்பார்கள். ஒதுங்கிய குட்டை இழைக்கு நாயில் என்று பெயர். கோட்டுத் துணிக்கான வழவழப்பான வொர்ஸ்டெட் நூல் டாப்ஸிலிருந்து வருகிறது. இந்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றவும், மாற்றிய இயந்திரத்தைக் கைத்திறனுக்கு நிகராகத் திருத்தவும் ஐரோப்பாவில் அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தன. அப்போது எழுந்த ஒரு கேள்வி கம்பளியோடு நிற்காமல் தறி ஓடும் ஊர்களுக்கெல்லாம் வந்து சேர்ந்தது. ஒரு கருவி திருத்தம் பெறும்போது அதனால் விளையும் நன்மையும் தீமையும் யார் கணக்கில் சேரும்? இது அறநூல்களும் சமய நூல்களும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

கையால் சீவியவர்களின் வாழ்க்கை சுகமானதாக இருக்கவில்லை. நீண்ட இரும்புப் பற்கள் கொண்ட இரண்டு சீப்புகளைக் கரி அடுப்பில் சூடாக்கி, ஒன்றைக் கம்பத்தில் பொருத்தி, எண்ணெய் தடவிய கம்பளியை அதில் மாட்டி, மற்றதால் இழுத்து இழுத்துச் சீவினார்கள். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பலர் இந்த வேலையை வீட்டிலேயே செய்தார்கள். குடும்பம் படுத்துறங்கும் அறையிலேயே கரி அடுப்பு எரிந்ததை 1845-இல் அங்கே எடுத்த சுகாதார ஆய்வு பதிவு செய்தது. புகை நெஞ்சை அரித்தது. ஆனாலும் அது மதிப்புள்ள தொழில். சூடு எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, எந்த இடத்தில் இழுப்பைத் தளர்த்துவது என்ற அறிவெல்லாம் கையில்தான் இருந்தது. அந்த அறிவால்தான் அவர்களுக்குக் கூலி பேசும் பலமும் கிடைத்தது.

முதல் சீவும் இயந்திரத்தைச் செய்தவர் எட்மண்ட் கார்ட்ரைட் என்ற ஆங்கிலிக்கன் பாதிரியார். 1785-இல் விசைத்தறிக்கு உரிமம் பெற்றவரும் இவரே. சீவும் இயந்திரத்துக்கு 1789, 1790-ஆம் ஆண்டுகளில் உரிமம் பெற்றார். 1794-இல் கையால் சீவுவோர் அதைத் தடுக்கக் கோரி நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தார்கள், பலிக்கவில்லை. ஆனால் இயந்திரமும் உடனே வென்றுவிடவில்லை. மெல்லிய இழையில் அதன் வேலை கைவேலைக்கு ஈடாகாததால் இன்னும் இரண்டு தலைமுறை கைச்சீப்பு தாக்குப்பிடித்தது.

அந்த இடைக்காலத்தில் நடந்த ஒரு திருவிழா இந்தக் கேள்வியின் சமயப் பக்கத்தைக் காட்டுகிறது. கம்பளி சீவுவோரின் காவல் புனிதர் பிளேஸ். நான்காம் நூற்றாண்டில் ஆர்மீனியாவின் செபஸ்தே நகரில் ஆயராக இருந்தவர். அவரை இரும்புச் சீப்புகளால் கிழித்து வதைத்து, பிறகு தலையை வெட்டிக் கொன்றார்கள் என்பது மரபு. அவரை வதைத்த கருவியையே அடையாளமாகக் கொண்டு, சீவும் தொழிலாளர் அவரைத் தங்கள் புனிதராக ஏற்றார்கள். 1825 பிப்ரவரி 3-ஆம் நாள் பிராட்ஃபோர்டில் அவருடைய விழா பெரும் ஊர்வலமாக நடந்தது. முதலாளிகளும் தொழிலாளிகளும் சேர்ந்தே நடந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் சீவுவோரும் நெசவாளரும் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். ஏறத்தாழ 20,000 பேர் 23 வாரம் தாக்குப்பிடித்துத் தோற்றார்கள். விழாவில் ஒரே ஊர்வலமாகப் போனவர்கள் நான்கு மாதத்தில் எதிரெதிர் அணியானார்கள். அந்தத் தோல்விக்குப் பின் முதலாளிகள் இயந்திரத்தைத் திருத்தும் முயற்சியில் இன்னும் ஊக்கமாக இறங்கினார்கள்.

திருத்தம் 1840-களில் கைகூடியது. அல்சேஸைச் சேர்ந்த மூல்ஹவுஸ் நகரின் ஜோசுவே ஹைல்மான் 1845-இல் புதிய முறை ஒன்றைக் கண்டார். இழைக்கற்றையின் ஒரு முனையைத் தாடை போன்ற பிடி கவ்விக்கொள்ள, ஊசி பதித்த உருளை அதன் வழியே சுழன்று குட்டை இழைகளை வாரிக்கொண்டு போகும். மகள் நீண்ட கூந்தலை வாரியதைப் பார்த்தபோது அவருக்கு இது தோன்றியதாக ஒரு கதை உண்டு. சாமுவேல் லிஸ்டரும் ஐசக் ஹோல்டனும் வேறொரு முறையை உருவாக்கினார்கள். அது யாருடைய கண்டுபிடிப்பு என்று பிறகு வழக்காடிக்கொண்டார்கள். 1853-இல் ஜேம்ஸ் நோபிளின் வட்டச் சீப்பு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கைச்சீப்புத் தொழில் அற்றுப்போனது. இயந்திரத்தைச் செய்தவர்கள் சமயத்துக்கு அந்நியர்கள் அல்லர்: ஹோல்டன் பக்தியுள்ள மெதடிஸ்ட், கார்ட்ரைட் குருவானவர். கரிப்புகையில் இருமியவர்களுக்கு இனிப் புகை இல்லை; அவர்களுக்கு வேலையும் இல்லை. இரண்டும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை அழிக்கப் பார்ப்பது இந்தக் கேள்வியிலிருந்து நழுவுவதாகும்.

அந்தக் கேள்வி வந்து சேர்ந்த ஊர்களில் ஒன்று, திருத்தணிக்கு அருகே ஆந்திர எல்லையை ஒட்டிய அம்மையார்குப்பம். அங்கே கம்பளி சீவும் வேலை இல்லை. திருவள்ளூர் வட்டாரத்துச் செம்மறிக்கு, மெட்ராஸ் சிவப்பு என்ற இனத்துக்கு, உடலில் இருப்பது முடி. நூற்கத் தகுந்த கம்பளி கிடையாது. தமிழ்நாட்டில் மென்கம்பளி தரும் ஆடு நீலகிரி இனம் மட்டுமே. அதைச் சாண்டிநல்லா ஆராய்ச்சி நிலையத்தில் பேணி வருகிறார்கள். ஆனால் அம்மையார்குப்பம் நெசவு ஊர். பருத்தி நெசவில் நேர்த்தியான சேலைக்குக் கோம்புடு நூல் வேண்டும். கோம்புடு என்பது ஹைல்மான் கண்ட அதே முறையில் சீவிய பருத்தி. கம்பளிக்காகவும் பருத்திக்காகவும் பிறந்த அந்தப் பிடியும் ஊசி உருளையும் இன்று கோயம்புத்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் நிமிடத்துக்கு 500 முறை வரை கவ்விச் சீவுகின்றன. அவற்றைச் செய்யும் லக்ஷ்மி மெஷின் ஒர்க்ஸ் 1962-இல் அங்கே தொடங்கியது. நூலின் தரத்தை ஆராயும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் 1956 முதல் அங்கே இயங்குகிறது. சீவும்போது பத்து முதல் இருபது விழுக்காடு வரை நாயிலாகக் கழிகிறது. அதை எறிந்துவிடுவதில்லை; தடித்த நூலாகவும் ரூபாய்த் தாளுக்கான கூழாகவும் அது மறுபடி பயனாகிறது.

தறியில் உட்காருபவருக்கு இந்த இயந்திரம் கண்ணில் படுவதே இல்லை. அவர் காண்பது நூல் கோனில் ஒட்டியிருக்கும் அட்டையில் உள்ள நம்பரும் கோம்புடு என்ற சொல்லும்தான். ஆனால் சீவுவோருக்கு அன்று வந்த கேள்வி அவருக்கு வேறு வடிவில் வந்தது. குழித்தறி இருந்த வீடுகளில் விசைத்தறி ஏறியது. பாவு ஓட்டுதல், நாடா எறிதல், ஊடையின் இறுக்கம் பார்த்தல் ஆகியவற்றில் கைக்கு இருந்த அறிவின் பெரும்பகுதி இரும்புக்குள் போனது.

கருவிக்கும் செய்பவருக்கும் என்ன உறவு என்பதை இந்தியத் தத்துவம் துல்லியமாக ஆராய்ந்திருக்கிறது. நெசவையே அது உதாரணமாக எடுத்துக்கொண்டது. பதினேழாம் நூற்றாண்டில் ஆந்திரத்தைச் சேர்ந்த அன்னம்பட்டர் எழுதிய தர்க்கசங்கிரகம் நியாய நெறியின் பாலபாடம். துணிக்கு நூல் சமவாயி காரணம், நூல்களின் சேர்க்கை அசமவாயி காரணம், நாடாவும் தறியும் போன்றவை நிமித்த காரணம் என்று அது வகுக்கிறது. நியாயத்தின் பார்வையில் தறியும் நெய்பவரும் நிமித்தம் என்ற ஒரே அறையில் நிற்கிறார்கள். காரணங்களின் கணக்கு மட்டும் தேவை என்றால் இது போதும். அறத்தின் கணக்குக்கு இது போதாது. தறியையும் நெய்பவரையும் ஒரே வரிசையில் வைத்தால், தறி திருந்தி நெய்பவர் வெளியேறும்போது ஒரு நிமித்தம் போய் இன்னொரு நிமித்தம் வந்தது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றும் இராது.

சைவ சித்தாந்தம் இங்கே இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறது. குடத்துக்கு மண் முதற்காரணம். சக்கரமும் கோலும் துணைக்காரணம். குயவர் நிமித்த காரணம். அறிவும் விருப்பமும் உள்ளவருக்கே நிமித்தம் என்ற தகுதி. சக்கரம் சுழன்றாலும் அது எதையும் எண்ணிச் செய்வதில்லை. இறைவனுக்கும் உலகுக்கும் உள்ள தொடர்பை விளக்க எழுந்த பிரிவு இது. ஆனால் இயந்திரத்தைப் பற்றிய கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோலைக் காண்பது கடினம். துணைக்காரணத்துக்குப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. பிளேஸைக் கிழித்த சீப்பும் கம்பளி வாரிய சீப்பும் ஒரே இரும்பு. ஆயரை வதைத்த பழி அதைப் பிடித்த கையைச் சேரும்.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. கைச்சீப்பில் சீவுபவர் கருவியையும் பிடித்தார், எப்படிச் செய்வது என்றும் முடிவெடுத்தார். இயந்திரச் சீப்பில் எவ்வளவு குட்டை இழை கழியலாம், எவ்வளவு வேகம், எத்தனை ஆள் என்ற முடிவுகளை இயந்திரத்தை அமைத்தவரும் வாங்கியவரும் முன்கூட்டியே எடுத்துவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்பவர் அறுந்த இழையைச் சேர்க்கிறார். கைக்கு இருந்த திறன் கருவிக்குள் போனதோடு நிமித்தம் என்ற நிலையும் பலரிடமிருந்து சிலரிடம் போய்விட்டது. நிமித்தத்தைப் பின்தொடர்ந்து வினையும் போக வேண்டும். கன்மக் கொள்கை வேறு வழி விடுவதில்லை. முடிவெடுக்கும் உரிமையைத் தமக்கென்று வைத்துக்கொண்டு, விளைவு மட்டும் சந்தையின் செயல், காலத்தின் செயல் என்று சொல்பவர், நிமித்தத்தை எடுத்துக்கொண்டு வினையைத் துணைக்காரணத்தின் தலையில் வைக்கிறார். இயந்திரத்தைத் திருத்துவது தவறு என்று இதனால் ஆகாது. திருத்தியவர் பொறுப்பு முன்னைவிடப் பெரிது என்று ஆகும்.

கருவியை வணங்கும் மரபும் இதற்கு மாறானதன்று. நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆயுத பூஜையில் தறிக்கும் நாடாவுக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிறார்கள். விசைத்தறிக்கும் மோட்டாருக்கும் அதே பொட்டு, அதே மாலை. பூஜையின் விதிகளில் ஒன்று, அன்று கருவியை ஓட்டக்கூடாது என்பது. கருவி தானாகப் புனிதம் பெறுவதில்லை. அதைக் கையாளுபவர் ஒரு நாள் கையை எடுத்து, தம் பிழைப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று பார்க்கிறார். திருத்தணியின் தலமரபும் இதை ஒட்டியது. சூரனை வென்றபின் முருகன் சினம் தணிந்து அமர்ந்த மலை என்பதால், கந்த சஷ்டியில் மற்றத் தலங்களில் நடக்கும் சூரசம்காரம் இங்கே நடப்பதில்லை, புஷ்பாஞ்சலி நடக்கிறது. நெசவுத் தொழிலில் முன்னிற்கும் செங்குந்தர் தங்களை வீரபாகு முதலான நவவீரர்களின் வழியினர் என்று சொல்லிக்கொள்பவர்கள். வேலேந்திய படையின் வழிவந்தவர்களாகத் தங்களைக் காண்பவர்களுக்கு, ஆயுதத்தை எப்போது எடுப்பது, எப்போது வைப்பது என்பது பழகிய சமயச் சிந்தனை.

நெசவையும் பக்தியையும் சேர்த்துப் பேசும்போது நேச நாயனாரை விட்டுவிட முடியாது. பெரியபுராணம் சொல்லும் அறுபத்து மூவரில் ஒருவர்; காம்பீலி நகரத்து நெசவாளர். மனம் சிவனிடம் இருக்க, கை தறியில் இருக்க, நெய்த உடையையும் கீளையும் கோவணத்தையும் அடியார்களுக்குக் கொடுத்துவந்தார். இவரை முன்வைத்து, இயந்திரம் வந்தால் இத்தகைய பக்திக்கு இடமில்லாமல் போகும் என்று வாதிடுவதுண்டு. நாடாவின் சீரான வீச்சு மனத்தை ஒருமுகப்படுத்தும். நான்கு விசைத்தறிகளின் இரைச்சலில் அறுந்த நூலைத் தேடி ஓடுபவருக்கு அந்த ஒருமை எங்கே என்பது அந்த வாதம். இதில் உண்மை உண்டு. இரைச்சல் காதையும் மனத்தையும் தேய்க்கத்தான் செய்கிறது. ஆனால் நாயனாரின் வரலாற்றில் இதைவிட முக்கியமான ஒன்று கவனிக்கப்படாமல் போகிறது. அவர் நெய்தது அவருடைய துணி. அதனால்தான் கொடுக்க முடிந்தது. கூலிக்கு நெய்பவர் குழித்தறியில் உட்கார்ந்திருந்தாலும், பாவும் நூலும் ஜவுளிக்காரருடையது என்றால், தானமாகத் தருவதற்கு அவரிடம் ஒரு முழத் துணியும் இல்லை. சொந்தமாகத் தறியும் நூலும் உள்ளவர் மின்சாரத்தில் நெய்தாலும் நேச நாயனார் செய்ததைச் செய்யலாம். பக்திக்குத் தடை கருவியின் வகையில் இருப்பதைவிட உடைமையின் வகையில் அதிகம் இருக்கிறது.

காந்தியின் நிலையும் நாளடைவில் இதே இடத்துக்கு வந்தது. 1909-இல் எழுதிய ஹிந்த் ஸ்வராஜ்ஜில் அவர் இயந்திரத்தைக் கடுமையாகக் கண்டித்தார். 1924-இல் டெல்லியில் சாந்திநிகேதன் மாணவரான ஜி. ராமச்சந்திரன் அவரை நேராகக் கேட்டார்: எல்லா இயந்திரத்துக்கும் எதிரியா? இந்த மாணவரே பிற்காலத்தில் சௌந்தரம் அம்மையாருடன் சேர்ந்து திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவியவர். உடலே ஒரு நுட்பமான இயந்திரம், ராட்டையும் இயந்திரம், எதிர்ப்பு இயந்திர மோகத்துக்குத்தான் என்ற கருத்தில் காந்தி பதில் சொன்னார். சிங்கர் தையல் இயந்திரத்தை ஏற்றார். அதைச் செய்யும் தொழிற்சாலை வேண்டுமே என்று ராமச்சந்திரன் மடக்கியபோது, அத்தகைய தொழிற்சாலை நாட்டுடைமையாக இருக்க வேண்டும் என்றார். மாணவரின் கேள்வி இல்லாவிட்டால் இந்தக் கடைசிப் படி வெளிப்பட்டிருக்காது.

இந்த அறத்தைப் பொறியியல் நிபந்தனையாக எழுதிய முயற்சி ஒன்றும் உண்டு. 1929-இல் அகில இந்திய நூற்போர் சங்கம் திருந்திய ராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசு அறிவித்தது. விலை 150 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. இந்தியாவில் செய்யத்தக்கதாக இருக்க வேண்டும். கிராமத்துக் குடிசையில் பெண்கள் அலுப்பில்லாமல் ஓட்ட வேண்டும். இருபது ஆண்டு உழைக்க வேண்டும். பொதுவாக இயந்திரத்தைத் திருத்துபவர் வேகத்தையும் செலவையும் பார்ப்பார். இங்கே யார் வாங்க முடியும், யார் பழுது பார்க்க முடியும் என்பதும் அளவாயிற்று. கார்ட்ரைட்டிடமும் ஹோல்டனிடமும் யாரும் வைக்காத நிபந்தனை இது. கருவி நிமித்தத்தைச் சிலரிடம் குவிக்காமல் பலரிடமே விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் உட்பொருள். பரிசை யாரும் வெல்லவில்லை. நிபந்தனை அவ்வளவு கடினம்.

இருபது ஆண்டு கழித்து அதற்கு மிக அருகில் வந்தவர் தமிழர். திருநெல்வேலி வட்டாரத்து ஏகாம்பரநாதன் செய்த ராட்டை அவர் பெயராலேயே அம்பர் சர்க்கா ஆயிற்று. ஆலை இயந்திரத்தில் இழையை நீட்டும் உருளைகளை வீட்டு ராட்டைக்குள் கொண்டுவந்தது அதன் சிறப்பு. நான்கு கதிர் கொண்ட ராட்டையுடன், பஞ்சைச் சிக்கெடுக்கும் கருவியும் திரி நீட்டும் பெல்னியும் சேர்ந்த தொகுதியாக அது கிராமங்களுக்குப் போனது. 1955-இல் கிராமத் தொழில்களையும் சிறுதொழில்களையும் ஆராய்ந்த கார்வே குழு அதை ஆதரித்தது. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தில் இடம் கிடைத்தது. ஆலை நூலின் விலையோடு அதனால் போட்டியிட முடியவில்லை. ஆனாலும் கதர்த் துறையில் இன்றும் ஓடுகிறது. இயந்திரத் திருத்தம் என்றாலே ஆளைக் குறைப்பது என்ற எண்ணத்துக்கு அது நேரடியான மறுப்பு.

தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா இதைக் கிறிஸ்தவப் பார்வையிலிருந்து அணுகினார். 1945-இல் வெளியான அவருடைய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல், இயற்கையில் ஒட்டுண்ணி நிலையிலிருந்து சேவை நிலைவரை உள்ள படிகளைக் காட்டி, மனிதத் தொழிலையும் அவற்றால் அளக்கிறது. அந்த அளவையில் ஒரு கருவியின் இடம் அதன் வேகத்தால் முடிவாவதில்லை. எடுப்பதற்கும் கொடுப்பதற்கும் உள்ள விகிதத்தால் முடிவாகிறது.

சென்னையில் இதே கேள்வி தொழிலாளர் பக்கத்திலிருந்து சமயத்தின் வழியாகவே எழுந்தது. பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜுலு நாயுடுவும் நடத்திய வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை பக்திச் சொற்பொழிவுகளுக்கான சபை. பக்கிங்ஹாம், கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்கள் அங்கே கூடுவார்கள், திரு.வி.க. பேசினார். அந்தச் சபையில் கூடியவர்களிடமிருந்தே 1918 ஏப்ரல் 27-இல் பி. பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பிராட்ஃபோர்டில் புனிதர் விழா இரு தரப்பையும் ஒரு நாள் சேர்த்து நடத்திவிட்டுக் கலைந்தது. பெரம்பூரில் பக்திச் சபை தொழிலாளருக்குத் தங்கள் நிலையைச் சேர்ந்து பேசும் இடம் கொடுத்தது. முன்னதைவிடப் பின்னதே சமயம் செய்யக்கூடிய பெரிய காரியம்.

சட்டத்தின் பதில் வேறு. 1985-ஆம் ஆண்டுக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் சில துணி வகைகளை விசைத்தறியில் நெய்யக்கூடாது என்றது. தொடக்கத்தில் 22 வகை. பிறகு 11 ஆகக் குறைந்தது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸும் நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களும் உடைமையின் பக்கத்திலிருந்து வந்த பதில். நூலைச் சங்கம் தந்து துணியைச் சங்கமே விற்றால் முடிவெடுப்பதில் நெசவாளருக்கும் குரல் இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. சங்கம் எவ்வளவு நேர்மையாக நடக்கிறதோ அவ்வளவுதான் அந்த நம்பிக்கை பலிக்கும். திருத்தம் நோயைக் குறைக்கும் இடத்தில், அதை ஏற்பதா என்ற தயக்கம் எதுவும் தேவையில்லை. பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் என்ற நுரையீரல் நோயைத் தடுக்க, சீவும் இயந்திரத்தில் தூசியை உறிஞ்சும் குழாய் பொருத்தலாம் என்று தெரிந்தும் பொருத்தாமல் விட்டால் அது வினை.

வாங்குபவருக்கு இதில் பங்கு உண்டா என்பது கடைசிக் கேள்வி. சித்தாந்தத்தின் மூன்று காரணங்களில் அவருக்கு நேரடி இடமில்லை. வட தமிழகத்தில் நெடுங்காலமாக வாழும் சமணரின் நெறி இங்கே உதவுகிறது. வினை மூன்று வழியில் ஒட்டும்: செய்தல், செய்வித்தல், உடன்படுதல். இயந்திரத்தின் பக்கத்தில் நிற்பவர் செய்கிறார், உடையவர் செய்விக்கிறார், விலையை மட்டும் பார்த்து வாங்குபவர் உடன்படுகிறார். நெசவாளர் என்று மரபு போற்றும் வள்ளுவரும் புலால் மறுத்தல் அதிகாரத்தில் இதே வழியில் வாதிடுகிறார்: தின்பவருக்காகவே கொல்லப்படுகிறது என்றால் வாங்குபவர் விலகி நிற்க முடியாது. 2006-இல் வந்த கைத்தறி முத்திரை, துணி எந்தத் தறியில் நெய்யப்பட்டது என்பதை வாங்குபவருக்குச் சொல்கிறது. நெய்தவருக்கு என்ன கூலி கிடைத்தது, நூல் யாருடையது என்பதை அது சொல்வதில்லை. உடன்படுபவரின் பொறுப்பு அறிவைப் பொறுத்தது என்பதால், அந்த இரண்டு செய்திகளும் துணியோடு வந்து சேரும்வரை பொறுப்பின் பெரும்பங்கு அவற்றை அறிந்தவரிடமே, செய்விப்பவரிடமே தங்குகிறது.